வீட்டுல சாக ஒரு கையெழுத்து

இல்லண்ணே, அவன்கிட்ட சத்தம் போட்டுப் பிரயோசனமில்ல. இங்கிட்டு வந்து ஒக்காருங்க, இந்தப் பெஞ்சுல. அவன் புதுசா வந்த கான்ஸ்டபிளு. மகன வார்டுக்குள்ள விடாதன்னு எஸ்.ஐ. சொல்லிட்டுப் போயிருக்காரு, அவன் நிக்கிறான். நீங்க ரிட்டயர்டு இன்ஸ்பெக்டரா இருந்தா அவனுக்கென்ன? நீங்க தொப்பிய கழட்டி ரெண்டு வருசமாச்சு.

பெரியவரா? இப்பத்தேன் பாத்துட்டு வாரேன். அமைதியா படுத்திருக்காரு. மூஞ்சியத் தொடச்சு, போர்வைய நல்லா இழுத்து விட்டுட்டுத்தேன் வந்தேன். அவருக்கு ஒரு தொந்தரவும் இல்ல. நான் இந்த வார்டு ஆயாண்ணே, மாயக்கா. மூணு நாளா ஒங்கப்பாருக்கு மலம் மூத்திரம் எடுக்குறது நாந்தேன். நீங்க என்னைப் பாத்திருப்பீக, ஆனா பாத்திருக்க மாட்டீக. ஆயாவ யாரு மூஞ்சியப் பாக்குறா.

அண்ணேன்னு கூப்புடலாம்ல? நம்ம சனந்தேன நீங்க. நான் செக்கானூரணிக்கு மேக்க. ரோட்ட விட்டு ரெண்டு மைலு உள்ள போகணும். ஒங்க ஊரும் அந்தப் பக்கந்தேன்னு தெரியும். இப்பத்தேன் பசுமலையில வீடு கட்டிக் குடியிருக்கீக.

ஒங்க மாப்ள போயி எம்புட்டு நேரமாச்சு? மருதுதேன அவரு பேரு. டி.எஸ்.பி. ஆபீசுல லெட்டர் வாங்கிட்டு வந்துருவாருங்கிறீக. வரட்டும். சனிக்கெழம மத்தியானத்துல டி.எஸ்.பி. எங்கன இருக்காரோ. நேத்தே பெரிய டாக்டரு சொல்லிட்டாருல்ல, மண்டைக்குள்ள ரத்தம் ஒறஞ்சிருச்சு, எம்பத்திமூணு வயசுல இனி செய்யுறதுக்கு ஒண்ணுமில்ல, வேணும்னா வீட்டுக்குக் கொண்டு போயிருங்கன்னு. சாமி வரங்குடுத்தாலும் பூசாரி விடணும்ல. அதேன் ஏ.ஆர். போட்டுட்டாகளே.

ஏ.ஆர்.னா ஒங்களுக்கு நான் சொல்லவா? காயத்தோட வாரவுகளுக்கு கேசுவாலிட்டில எழுதுற பெரிய நோட்டு. அதுல போயி, மகன் தள்ளிவிட்டதாகச் சொல்லிச் சேர்க்கப்பட்டார்னு ஒரு வரி விழுந்துட்டா, அம்புட்டுத்தேன். அதுக்குப் பெறகு அந்தாளு குடும்பத்துக்குப் பாத்தியமில்ல, சர்க்காருக்குத்தேன் பாத்தியம். பொழச்சுப் போனாலும் போலீஸ் கையெழுத்து. சாகக் கொண்டு போனாலும் போலீஸ் கையெழுத்து. முப்பது வருசம் அந்தக் கையெழுத்தப் போட்டவருகிட்டப் போயி நான் வெளக்கிக்கிட்டிருக்கேன் பாருங்க.

நீங்க தள்ளலண்ணே. எனக்குத் தெரியும். பெரியவரு பாத்ரூம்ல வழுக்கி, சிமிட்டித் தொட்டில மோதி விழுந்தாரு. தூக்கிட்டு வந்தீக. நான் நம்புறேன். ஆனா ஆயா நம்பி என்ன செய்ய.

நீங்க எதுக்குத் தவிக்கிறீகன்னும் தெரியும். வேத்துச் சாதிக்காரவுகளுக்கு இது வெளங்காது. எங்க போனா என்ன, உசுரு உசுருதேன்னு நெனப்பாக. நம்ம பக்கம் அப்பிடியா? மூச்சு வீட்டுக்குள்ள போகணும். நடு வீட்டுல தெக்க தல வச்சுப் படுக்கப் போட்டு, பெத்ததும் பொறந்ததும் ஆளுக்கு ஒரு சங்கு பாலு ஊத்தி, அது தொண்டைக்குள்ள எறங்குறதக் கண்ணால பாத்து அனுப்பணும். வெளிய போயிருச்சுன்னா பொணம் வாசப்படி ஏறாது. ஊருக்குள்ளயே விடமாட்டாக. எல்லையில வச்சு அப்பிடியே சுடுகாட்டுக்கு. காலத்துக்கும் அந்தக் குடும்பத்த, கெழவன ரோட்டுல விட்டவுகன்னு சொல்லுவாக. பெரியவரும் அதத்தேன கேட்டுருக்காரு. கொண்டாந்த அன்னைக்கே வீட்டுக்குப் போவோம், வீட்டுக்குப் போவோம்னாரு. நான் கேட்டேன்.

எங்க வீட்டுக்காரரும் அதத்தேன் சொன்னாரு.

ஆமாண்ணே, இதே ஆசுபத்திரிதேன். எமர்ஜென்சி நடந்துச்சுல்ல, அந்த வருசம். ஏழு வருசமாச்சு. விருமாண்டின்னு பேரு அவருக்கு. நாப்பது வயசுகூட முடியல. எங்களுக்கு ஒண்ணேகால் ஏக்கரு வானம் பாத்த நெலம். அதுல கெணறு வெட்டுனா பொழச்சுக்கலாம்னு ஒரே கிறுக்கு. முப்பதடில பாறை. பாறைன்னா வெடி வைக்கணும்ல? தோட்டா வாங்கிட்டு வந்தாரு. லைசென்சு கெடையாது. நம்ம பக்கம் எவன்ணே லைசென்சு வச்சு வெடி போட்டான்? நாலு தோட்டா வச்சாக. மூணு வெடிச்சுச்சு. ஒண்ணு வெடிக்கல. பீடி ஒண்ணக் குடிச்சு முடிக்கிற நேரம் பாத்துட்டு, நமுத்துப் போச்சு போலன்னு எறங்குனாரு. எறங்கி கால ஊனல, வெடிச்சிருச்சு.

மாட்டு வண்டில ரோடு வரைக்கும், அங்கயிருந்து லாரில இங்க. கேசுவாலிட்டில என்னமோ நோட்டுல எழுதுனாக. எழுதட்டும், எழுதுனாத்தேன வைத்தியம் பாப்பாகன்னு நானும் கைநாட்டு வச்சேன். மொத நாளு ராத்திரி கொஞ்சம் தெளிஞ்சுச்சு. என் சீலையப் புடிச்சு இழுத்து, வீட்டுக்குப் போயிருவோம்டின்னாரு. அம்புட்டுத்தேன் பேச்சு. பெறகு கண்ணத் தொறக்கல. மக்யா நாளு டாக்டரு என்னைத் தனியாக் கூப்ட்டு, தாயி, இது தேறாது, ஒங்க வழக்கப்படி கொண்டு போறதுன்னா கொண்டு போன்னாரு. நல்ல மனுசன். எனக்கு அழுகையில கூட ஒரு ஆறுதலு, வீட்டுக்குக் கொண்டு போயிரலாம்னு. அந்த வீடு அந்த வருசந்தேன் கட்டுனது. மண்ணு கொழச்சதுல இருந்து ஓடு மேஞ்சது வரைக்கும் அவரு கை.

அப்பத்தேன் சொன்னாக, இது போலீஸ் கேசு, ஸ்டேசன்ல எழுதி வாங்கிட்டு வான்னு.

நான் போனேன். அங்க ஒரு இன்ஸ்பெக்டரு. மேசைக்குப் பின்னால ஒக்காந்து வெத்தல போட்டுக்கிட்டிருந்தாரு. வெசயத்தச் சொன்னேன். தோட்டா யாரு குடுத்தான்னு கேட்டாரு. எனக்குத் தெரியாதுங்கய்யான்னேன். அப்ப ஒம்புருசனுக்குத் தெரியும், அவன் கண்ணத் தொறக்கட்டும், வாக்குமூலம் வாங்கிட்டு அனுப்புறேன்னாரு. தொறக்க மாட்டாருன்னு டாக்டரு சொல்லிட்டாருங்கய்யான்னேன். டாக்டரு சொல்லுவான், எமர்ஜென்சி நேரத்துல வெடிமருந்து கேசு கையவிட்டுப் போச்சுன்னா மேலிடத்துக்குப் பதில் சொல்லப் போறது டாக்டரான்னாரு. வீட்டுக்குக் கொண்டு போயி எரிச்சுட்டு, கேசையும் சேத்து எரிக்கலாம்னு பாக்குறியான்னாரு.

அம்புட்டையும் கேட்டுக்கிட்டேன். சர்க்காரு மனுசன், அப்பிடித்தேன் பேசுவாருன்னு நெனச்சுக்கிட்டேன். எங்க வழக்கத்தச் சொன்னா எரங்குவாருன்னு, வெளிய செத்தா வீட்டுல ஏத்தமாட்டாகய்யா, என் மக அஞ்சு வயசுப் புள்ள, அப்பனுக்கு ஊத்தணும்னு சங்கக் கையில வச்சுக்கிட்டு வாசல்லயே கெடக்குதய்யான்னு கால்ல விழுந்தேன். சோலையம்மான்னு மக பேரு. நெசமாவே அப்பிடித்தேன் கெடந்திருக்கு. எங்க நாத்தனா சொல்லிச்சு.

அந்த மனுசன் கால உள்ள இழுத்துக்கிட்டுச் சொன்னாரு. நானும் அந்தப் பக்கத்துக்காரந்தேன், எனக்கே வழக்கம் சொல்லிக் குடுக்குறியா, எங்க செத்தாலும் பொணம் பொணந்தேன், போன்னாரு.

மூணு நாளுண்ணே. காலைல மொத பஸ்ஸுல ஸ்டேசனுக்குப் போவேன். வேப்பமரத்தடியில நிப்பேன். ஒக்காந்தா ஏட்டையா வெரட்டுவாரு. சாயங்காலம் ஆசுபத்திரிக்கு வருவேன், மூச்சு இருக்கான்னு பாப்பேன். எங்க சனமே அதிகாரத்துல இருக்கும்போது எவன் காலுல போயி விழ? வழக்கம் தெரியாத ஒருத்தன் மாட்டேன்னு சொல்லியிருந்தா, பாவம் அவனுக்கென்ன தெரியும்னு வயிறு ஆறியிருக்கும். இவருக்குத் தெரியும். எல்லாந் தெரிஞ்சு, வெத்தலைய மென்னுக்கிட்டே சொன்னாரு.

மூணாம் நாளு நான் வேப்பமரத்தடியில நின்னுக்கிட்டிருக்கும்போதே இங்க போயிட்டாரு. பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல. பக்கத்துப் பெட்டுக்காரந்தேன் பாத்திருக்கான். அறுத்து, தச்சு, மூட்ட கட்டிக் குடுத்தாக. ஊரெல்லையில எறக்கி வச்சோம். அவரு கட்டுன வீட்டு ஓடு அங்கயிருந்து தெரியும். எம்மகளத் தூக்கிக் காட்டக்கூட விடல, மொகம் புள்ள பாக்குற மாதிரி இல்லைன்னு. அந்தச் சங்கு இன்னும் எங்கிட்ட இருக்கு. எவனுக்கும் அதுல ஊத்துனதில்ல.

ஆருன்னா கேக்குறீக, அந்த இன்ஸ்பெக்டரு?

நீங்கதேண்ணே.

முழிக்காதீக. ஞாபகம் வரலையா? வராது. எத்தன பேரு வந்திருப்பாக, எத்தன பேரு விழுந்திருப்பாக. விழுந்தவளுக்குத்தேன் ஞாபகம் இருக்கும். காசிமாயன்னு பித்தள வில்லையில எழுதி நெஞ்சுல குத்தியிருந்தீக. எனக்குப் படிக்கத் தெரியாது. ஏட்டையாகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். மறந்துறக் கூடாதுன்னு ஊரு போய்ச் சேருற வரைக்கும் பஸ்ஸுல சொல்லிக்கிட்டே போனேன்.

ஒக்காருங்க. எந்திரிச்சு எங்க போகப் போறீக? உள்ள விடமாட்டான்.

கருமாதி முடிஞ்ச முப்பதாம் நாளு மகள எங்க அண்ணன் வீட்டுல விட்டுட்டு இங்கதேன் வந்தேன். தெனக்கூலிக்குக் கக்கூசு கழுவ எடுத்தாக. மூணாவது வருசம் வேலைய நெரந்தரம் பண்ணி வார்டுல போட்டாக. வேற எங்கயும் வேல கெடைக்காமயா வந்தேன்? பஞ்சாலைக்குக் கூப்ட்டாக, எங்க மச்சினன் தீப்பெட்டி ஆபீசுக்குக் கூப்ட்டாரு. நான் போகல. மதுரையச் சுத்தி எவனுக்கு என்ன ஆனாலும், எம்புட்டுப் பெரிய ஆளுன்னாலும், ஒரு நாளைக்கு இந்த வாசல்ல வந்துதேன எறங்கணும். நீங்களும் வருவீக. நீங்க இல்லேன்னா ஒங்க வீட்டாளு வரும். ஏழு வருசம் அந்த வாசலப் பாத்துக்கிட்டே கூட்டுனேன், தொடச்சேன்.

புதங்கெழமதேன் வந்தீக. மொகத்த வச்சு அடையாளம் தெரியல எனக்கு, தல நரச்சு ஆளு எளச்சுப் போயிருந்தீக. ஸ்ட்ரெச்சர் எங்கடான்னு ஒரு சத்தம் போட்டீக பாருங்க. அந்தக் குரல் எனக்கு எங்க கேட்டாலும் தெரியும். வெளக்கமாத்தக் கீழ போட்டுட்டு ஓடி வந்தேன். ஸ்ட்ரெச்சரத் தள்ளுனது நாந்தேன். நீங்க என்னைப் பாத்து, மெல்லத் தள்ளும்மா, எங்கய்யா தாங்க மாட்டாருன்னீக. அம்மான்னு சொன்னீக.

டூட்டில இருந்தது சின்ன டாக்டரம்மா. புதுசு. சட்டம்னா பயப்படும். பேரு விலாசம் குடுக்க நீங்க சீட்டெழுதுற எடத்துக்குப் போயிட்டீக. டாக்டரம்மா பெரியவரு தலையில காயத்தப் பாத்துட்டு, எப்பிடிப் பட்டுச்சு, கூட யாரும் இருக்காகளான்னு கேட்டுச்சு. அங்க என்னைத் தவிர யாரும் இல்ல. பெரியவரு நெனவு மங்கி முனங்குறாரு. டாக்டரம்மாவுக்கு நம்ம பக்கத்துப் பேச்சு புரியாது, அது மெட்ராசுப் புள்ள. பெருசு என்ன சொல்லுதுன்னு என்னையக் கேட்டுச்சு.

பெரியவரு என்ன சொன்னாருன்னு நான் மின்னமே ஒங்ககிட்டச் சொல்லிட்டேன். வீட்டுக்குப் போவோம், வீட்டுக்குப் போவோம், அம்புட்டுத்தேன்.

நான் டாக்டரம்மாகிட்ட, மகன் தள்ளிவிட்டுட்டான்னு சொல்றாரு தாயின்னு சொன்னேன். பசுமலை வீட்டுக்காகக் காட்ட வித்ததுல அப்பனுக்கும் மகனுக்கும் ஆகாதாம்னு சேத்துச் சொன்னேன். நீங்க அங்க வீடு கட்டுன சேதி ஊருல கேட்டது; பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்ல. அது அப்பிடியே எழுதிக்கிச்சு.

கைய எடுங்க. அந்தக் கான்ஸ்டபிளு பாக்குறான். ஏற்கனவே அப்பன அடிச்சவன்னு எழுதியாச்சு, இப்ப ஆஸ்பத்திரி ஆயாவ அடிச்சான்னும் எழுதணுமா?

போயிச் சொல்லுங்க. தாராளமா சொல்லுங்க. அந்த நோட்டுல எம்பேரு எங்கயாச்சும் இருக்கா? பெரியவரு சொன்னதாத்தேன் இருக்கு. எழுதுனது டாக்டரு. ஆயா சொன்னான்னு நீங்க சொன்னா, தப்பிக்கிறதுக்குச் சொல்றான்னுதேன எழுதிக்குவாக? நீங்களா இருந்தா அப்பிடித்தேன எழுதுவீக? சாகப் போறவன் வார்த்தைக்கு எம்புட்டு மதிப்புன்னு எனக்கு வெளங்க வச்சதே நீங்கதேன். மூணு நாளு அந்த வார்த்தைக்காகத்தேன எங்க வீட்டுக்காரர இங்க போட்டு வச்சீக.

கும்புடாதீகண்ணே. அம்புட்டுப் பெரிய கை ரெண்டையும் சேத்து வச்சுப் பாக்க எனக்கே ஒரு மாதிரி இருக்கு. வயிறு எரிஞ்சது ஆறிரும்னுதேன் நெனச்சேன். ஆறுதான்னா, பாதி ஆறுது. பாவமாத்தேன் இருக்கு. இருந்தாலும் திரும்ப புதங்கெழம வந்தா திரும்பவும் அதத்தேன் சொல்லுவேன்.

டாக்டரம்மாகிட்ட வந்து மாத்திச் சொல்லவா? மாத்திச் சொல்லலாம். நேத்து வரைக்கும் அந்த ரோசன எனக்கும் இருந்துச்சு. மூணு நாளு நிக்க வச்சுப்புட்டு, சாகுற நேரத்துக்கு விட்டுருவோம், கெழவன் நமக்கு என்ன பண்ணாருன்னு. இன்னைக்குக் காலைல போர்வை மாத்தும்போதுகூட நெனச்சேன்.

பெரியவரு மேல எனக்கு ஒரு கோவமும் இல்லண்ணே. அவருக்கு நான் கொற வைக்கல. மத்தியானம் சோத்து நேரத்துக்குப் பெறகு மூச்சு மாறிருச்சு. ஏழு வருசத்துல எனக்குத் தெரியும், அது எந்த மூச்சுன்னு. கட்டில ரெண்டு பேராப் புடிச்சு தெக்க தல வச்சு மாத்துனோம். நர்சம்மா என்னாத்துக்குன்னு கேட்டாக, காத்து வரும்னேன். காதுகிட்டப் போயி, பெரியப்பா, வீட்டுக்கு வந்துட்டோம், நடு வீட்டுலதேன் படுத்திருக்கீகன்னேன். கையால தடவிப் பாத்தாரு. காசி எங்கன்னாரு. ஏங் கையக் குடுத்தேன். புடிச்சுக்கிட்டாரு. ஒங்க கைய விட எங் கைதேன் காப்புக் காச்சுக் கெடக்கு, ஆம்பளக் கைன்னு நெனச்சுக்கிட்டாரு போல. ஆசுபத்திரிப் பாலுதேன், டம்ளருல இருந்தது. ஸ்பூனால மூணு வாய் ஊத்துனேன். மூணும் எறங்குச்சு. அத நான் கண்ணால பாத்தேன்.

ஆமாண்ணே. போயிட்டாரு.

ரெண்டரை மணிக்கு. நான் வந்து ஒங்க பக்கத்துல ஒக்காருறதுக்கு மின்னாடியே. நர்சம்மா என்னைத்தேன் அனுப்பிச்சாக, வெளிய அவரு மகன் இருக்காரு, போயிச் சொல்லுன்னு. இந்தச் சீட்டையும் எழுதிக் குடுத்து, கீழ போலீஸ் அவுட்போஸ்டுல குடுத்துருன்னாக. ஏ.ஆர். போட்ட ஆளு எறந்தா ஒடனே சீட்டு போகணும். அது போனாத்தேன் எஸ்.ஐ. வந்து விசாரிச்சு எழுதி மார்ச்சுவரிக்கு அனுப்புவாரு. நாலு மணிக்குள்ள அவரு கடுதாசி போகலேன்னா இன்னைக்கு அறுக்க மாட்டாக. ஒங்களுக்குத் தெரியாததா.

செவுத்துல மணி பாருங்க, நாலேகாலு. நாளைக்கு ஞாயித்துக்கெழம, டாக்டரு எப்ப வாராரோ. மருது அந்த லெட்டர வாங்கிட்டு வந்தாலும் பொணத்துக்கு அது செல்லாது. இனி கேசு பேரே மாறிப்போகும்.

அழுகுறதுன்னா அழுதுக்கங்க, இங்க யாரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாக. அந்தத் தூணுக்குப் பின்னால தண்ணிக் கொழா இருக்கு. நான் இந்தச் சீட்ட அவுட்போஸ்டுல குடுத்துட்டு வாரேன்.